வருஷாரம்பச் சைக்கிள் சங்கல்பம்: தளி மேட்டு நிலத்தை முன்னிட்ட ஓர் ஆராய்ச்சி

பாயிரம்

மார்கழிப் பாதியில் ஆங்கில வருஷம் பிறக்கும் தறுவாயில் உள்ளத்தில் உதித்து, புது டைரியின் முதற்பக்கத்தில் அழகிய கையெழுத்தில் பதிவாகி, தை பிறப்பதற்குள் பெரும்பாலும் நிரந்தர ஓய்வு பெற்றுவிடும் சங்கல்பங்களுள், ‘இவ்வருஷம் சைக்கிளில் இத்தனை கிலோமீட்டர் செல்வேன், இன்னின்ன ஊர்களைக் காண்பேன்’ என்பதே தலையாயது என்பது அடியேன் துணிபு. தேகப்பயிற்சிச் சங்கல்பத்துக்கு வியர்வையும், சேமிப்புச் சங்கல்பத்துக்குப் பணமும் தேவைப்பட, இதற்கோ ஒரு தேசப்படமும் ஒரு பென்சிலுமே போதுமானவை.

ஆராய்ச்சிக் களமாகத் தளியைத் தேர்ந்ததற்குத் தக்க காரணம் உண்டு. ஓசூருக்குத் தெற்கே சுமார் 25 கிலோமீட்டரில், கர்நாடக எல்லையை ஒட்டி, தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே டீக்கடை பெஞ்சில் நெருக்கியடித்து அமரும் இவ்வூரை, அதன் குளிர்ச்சி கருதி வெள்ளைக்காரர்கள் ‘குட்டி இங்கிலாந்து’ என்று கொண்டாடினார்கள். ஓசூர்ப் பக்கத்து மேட்டு நிலம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்க, தெற்கே அஞ்செட்டி வழியாகச் சென்றடையும் ஒகேனக்கல்லோ சுமார் 250 மீட்டரில்தான் இருக்கிறது. கிழக்கே கிருஷ்ணகிரிக்குப் போகும் பாதையும் இறக்கமே. ஆகவே தளியில் அமர்ந்து திட்டம் தீட்டுபவனுக்குப் பூமண்டலம் தன் காலடியிலிருந்து சரிந்து செல்வதாகத் தோன்றுவது இயற்கை. இத்தோற்றமே இவ்வாராய்ச்சியின் உயிர்நிலை.

சங்கல்ப பேதங்கள்

சைக்கிள் சங்கல்பம் மூவகைப்படும்: காலசங்கல்பம், ஏற்றசங்கல்பம், தேசாந்தரசங்கல்பம்.

காலசங்கல்பத்துக்குப் பிரமாணம் பாரிஸ் நகரத்து ‘ஆடாக்ஸ்’ சங்கத்தாரின் விதி. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணியிலும், 300-ஐ 20 மணியிலும், 400-ஐ 27 மணியிலும், 600-ஐ 40 மணியிலும் முடிக்கவேண்டும். நான்கையும் ஒரே பருவத்தில் முடித்தவருக்கு ‘சூப்பர் ரான்டனர்’ என்னும் பட்டம் உண்டு. 1891-இல் தொடங்கி, இன்று நான்காண்டுக்கு ஒருமுறை நடைபெறும் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் யாத்திரையோ 90 மணி நேரத்தில் 1,200 கிலோமீட்டர். அடுத்தது 2027-இல் என்று அறிந்த உடனே, இம்மேட்டு நிலத்து அன்பர்கள் முதற்காரியமாக விசா விசாரிப்பதும், கடைசிக் காரியமாகச் செயினுக்கு எண்ணெய் விடுவதும் கவனிக்கத்தக்கன.

ஏற்றசங்கல்பமாவது, ஏதேனும் ஒரு மேட்டையே திரும்பத் திரும்ப ஏறி இறங்கி, ஏறிய உயரம் எவரெஸ்டின் 8,848 மீட்டரை எட்டும்வரை ஓயாதிருத்தல். ஒகேனக்கல்லிலிருந்து நம் மேட்டுக்கு உள்ள 650 மீட்டரைக் கொண்டு இதை நிறைவேற்ற விரும்புவோன் பதினான்கு முறை ஏறவேண்டும். இடையில் பதின்மூன்று முறை இறங்கவும் வேண்டும். திட்டம் தீட்டுவோர் அடிக்கோடிடுவது இப்பதின்மூன்றையே.

தேசாந்தரசங்கல்பத்துக்கு இந்நாட்டு முன்மாதிரி, 1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து உலகைச் சுற்றப் புறப்பட்ட பார்சி இளைஞர்கள் அறுவர். ஏறத்தாழ 71,000 கிலோமீட்டர் மிதித்து 1928-இல் ஊர் திரும்பியவர்கள் அடி ஹக்கீம், ஜல் பாபசோலா, ருஸ்தம் பூம்காரா ஆகிய மூவர். ஆறுக்கு மூன்று என்னும் இவ்விகிதத்தைச் சங்கல்ப நிறைவேற்றத்தின் உச்சவரம்பாகவே கொள்ளலாம். நம்மனோர் அதை நெருங்கியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

எடிங்டன் பிரமாணம்

இம்மூன்றுக்கும் அப்பால், சைக்கிள் சவாரிகளை ஒரே எண்ணில் அளக்க முற்பட்டவர், வானசாஸ்திர மேதை ஆர்தர் எடிங்டன். எத்தனை மைலோ அத்தனை மைலுக்குக் குறையாமல், அத்தனை நாட்கள் சைக்கிள் விட்டிருந்தால், அதுவே அம்மனிதனின் எண் என்பது அவர் சூத்திரம். எண் 75 என்றால், குறைந்தது 75 நாட்களில், நாளொன்றுக்கு 75 மைலேனும் சென்றிருக்கவேண்டும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு: எண்ணை ஒன்று உயர்த்த முயன்றால், பழைய எல்லைக்குள் மட்டும் அடங்கிய சவாரிகள் யாவும் கணக்கிலிருந்து கழிந்துபோகும், ஆகவே முன்னேற முன்னேற முதலுக்கே மோசம்.

தமிழருக்கு இதில் தனி உரிமை உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, பின்னர் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், நட்சத்திரங்களின் இறுதி நிலைக்கு ஒரு நிறை வரம்பு உண்டென்று கண்டதை, 1935-இல் லண்டன் சபையிலே எழுந்து பரிகசித்தவர் இதே எடிங்டன். ஆயினும் நட்பு முறியவில்லை. 1938-இல் சந்திரசேகருக்கு எழுதிய கடிதத்தில், தம் எண் இன்னும் 75-இலேயே நிற்பதாகவும், ஈஸ்டர் விடுமுறையில் இரு சவாரிகள் எழுபத்து நாலேமுக்கால் மைலோடு நின்றமையால் கணக்கில் சேரவில்லை என்றும் அவர் வருந்தியிருக்கிறார். நட்சத்திரத்துக்கு வரம்பு விதித்ததை ஒப்பாத பெரியவர், கால் மைலுக்காகத் தம் சொந்தச் சவாரியையே தள்ளிவைத்தார் என்றால், சைக்கிள் சாஸ்திரத்தின் கடுமை வானசாஸ்திரத்தினும் பெரிது என்பது பெறப்படும்.

ஆனால் இப்பிரமாணத்துக்கும் ஒரு குறை உண்டு. அரசு வழங்கிய இலவச சைக்கிளில், ஐந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பள்ளிக்கு, கேரியரில் புத்தகப் பையை வைத்துக்கொண்டு வருஷம் சுமார் 200 நாள் போய் வரும் பதினோராம் வகுப்பு மாணவி, டைரியில் ஒரு வரியும் எழுதாமலே 2,000 கிலோமீட்டரைக் கடந்துவிடுகிறாள். கிலோமீட்டரில் கணக்கிட்டாலும் அவள் எண் பத்துக்கு மேல் நகராது. சங்கல்பம் இல்லாதவரை அளக்கும் சக்தி சங்கல்ப சாஸ்திரத்துக்கு இல்லை என்று இதை அமைதி கூறி மேற்செல்வோம்.

மாதவாரி விக்கினங்கள்

ஜனவரியில், பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து ராகிப் பருவத்தில் வந்த யானைக் கூட்டங்கள் தளி, ஜவளகிரிக் காடுகளில் இன்னும் தங்கியிருக்கக்கூடுமாகையால், டைரி கூறும் ‘விடியற்காலைச் சவாரி’ விவேகமன்று. பிப்ரவரியில் காதலர் தினத்துக்காக இப்பகுதியின் பசுமைக்குடில்களில் ரோஜா அறுப்பு மும்முரப்படுவதால், அத்தொழிலிலுள்ள அன்பர்களுக்கு லீவு கிடையாது. ஏப்ரல், மே வெயில். ஜூன், ஜூலையில் மேட்டு நிலத்தின்மேல் வீசும் மேல்காற்று, எத்திசையில் சென்றாலும் எதிர்க்காற்றே என்பது சைக்கிள்காரர்களின் ஏகோபித்த அபிப்பிராயம். செப்டம்பர், அக்டோபரில் மழை. நவம்பர் சிந்தனைக்குரியது. டிசம்பரில் அடுத்த வருஷத் திட்டம் தொடங்கிவிடுகிறது.

சித்தாந்தம்

சோம்பலே சங்கல்பம் கெடக் காரணம் என்பது பூர்வபட்சம். அது பொருந்தாது, இறங்கும்போது எவனும் சோம்பலாக இருந்ததில்லை. திட்டம் இறக்கத்தை நோக்கித் தீட்டப்பட்டு ஏற்றத்தில் நிறைவேற்றப்படுவதே காரணம் என்பது நம் சித்தாந்தம். ‘போறப்ப எல்லாரும் காத்து மட்டும்தான் சார் அடிச்சுக்கிறாங்க, திரும்பி வர்றப்பதான் சீட்டு சரியில்லை, பெடல் சரியில்லைன்னு சொல்றாங்க’ என்று சைக்கிள் கடைக்காரர் ஒருவர் கூறியது இதற்கு ஆப்தவாக்கியம். சைக்கிளும் ஆளுமாக 85 கிலோவை 650 மீட்டர் தூக்க, மனித யந்திரத்தின் வீண் செலவையும் சேர்த்து, சுமார் 600 கலோரி வேண்டும். அதாவது, கொள்ளுக் குழம்போடு உண்ணத்தக்க நல்ல அளவுள்ள இரண்டு ராகிக் களி உருண்டைகள். வருஷ சங்கல்பத்துக்கும் வருஷாந்தக் கணக்குக்கும் உள்ள வித்தியாசம் இவ்விரண்டு உருண்டைகளே என்று நிலைநாட்டப்பட்டது.

ஆதலின், இனித் திட்டம் தீட்டுவோர் மேட்டில் அமர்ந்து தீட்டாமல், ஒகேனக்கல்லுக்கு இறங்கிச் சென்று, மீன் குழம்புச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, அஞ்செட்டி மலையை நிமிர்ந்து பார்த்தபடி தீட்டுவார்களாக. அங்கே எழுதப்படும் திட்டம் பெரும்பாலும் ஒரே வரியில், மேலே போகும் பஸ் எத்தனை மணிக்கு என்னும் வினாவாக அமையும். அப்பஸ்ஸின் கூரையில் கட்டப்பட்டு ஏறிய தூரத்தை வருஷக் கணக்கில் சேர்க்கலாமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. எடிங்டன் இருந்திருந்தால் ஒப்பியிருக்கமாட்டார். ஆனால் அத்தனை தூரமும் சைக்கிள் சென்றிருக்கிறது என்பதை எவராலும் மறுக்க முடியாது, லக்கேஜ் டிக்கெட்டே அதற்குச் சாட்சி.