அடுப்படி தரிசனம்

தினமும் அறுபது, எழுபதாயிரம் பேரைக் கம்பிகளுக்கு நடுவே வரிசையில் நிறுத்தி ஏழுமலையானைக் காட்டி அனுப்புகிற ஊர் திருப்பதி. அந்த ஊரில் என் பேத்தி ஒருத்தியை அடுப்புக்கு இந்தப் பக்கம் நிறுத்த முடியவில்லை.

பேத்திக்கு இரண்டரை வயது. உயரம் 35 அங்குலம். மகள் வீட்டுச் சமையல் மேடை 32 அங்குலம். கையைத் தூக்கினால் அடுப்பின் திருகு எட்டும், எட்டியும் விட்டது. போன மாதம் மலையில் முடியிறக்கி வந்ததிலிருந்து மொட்டைத் தலையும் புதிதாகக் கற்ற ஒரு தெலுங்கு வார்த்தையுமாக அவள் அடுப்படியையே சுற்றி வந்தாள்.

பென்ஷன் வாங்குகிறவனுக்கு உலகத்தில் எல்லாமே தான் சரிசெய்ய வேண்டியதாகத்தான் தெரியும். முதலில் அடுப்புக்கு முன்னால் அக்ரிலிக் தகடு ஒன்றை நிறுத்தினேன். சாம்பார் ஒரு கொதி வருவதற்குள் அது அப்பளமாக வளைந்தது.

சித்தூருக்குத் திரும்பி வெல்டிங் கடைக்காரரிடம் போனேன். தோத்தாபுரி சீசனில் மாங்காய் லாரிகளுக்குக் கம்பி அடிக்கிறவர் அவர். லாரிக்கு அடிப்பதைப் போலவே நாலு படுக்கைக் கம்பிகளோடு ஒரு சட்டம் செய்து கொடுத்தார். எழுபது கிலோமீட்டர் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு, "சாமிகி மொக்குபடா?" என்றார். வேண்டுதலா என்று கேட்கிறாராம். ஒருவகையில் ஆமாம்.

மாட்டிய அன்றே பால் பொங்கியது. சட்டத்தைத் தாண்டித் திருகைப் பிடிப்பதற்குள் பாதிப் பால் மேடையில். அவசரத்தில் தொட்ட கம்பியோ தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது. சுட்ட விரலுக்குப் பற்பசை தேடி ஓடினேன். மகள் இழுத்து வந்து குழாயடியில் நிறுத்தினாள். "பேஸ்டும் வேண்டாம், இங்க்கும் வேண்டாம். இருபது நிமிஷம் தண்ணியிலே காட்டுங்கப்பா."

ஏழாவது நிமிஷம் திரும்பிப் பார்த்தேன். எனக்கு நாலு கம்பி. பேத்திக்கு நாலு படி. மூன்றாவது படியில் நின்றுகொண்டிருந்தாள். அதுவரை பாத்திரத்தின் அடியை மட்டும் பார்த்தவளுக்கு உள்ளே என்ன குழம்பு என்பதும் தெரிந்துவிட்டது. நல்லவேளை, மகள் அடுப்பை அணைத்திருந்தாள்.

பேத்தியை இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு என் மனைவி கேட்டாள்: "மலையிலே கம்பி யாரைச் சுத்திப் போட்டிருக்காங்க? சாமியைச் சுத்தியா, ஜனங்களைச் சுத்தியா?"

நாற்பது வருஷ உத்தியோகத்தில் எந்த மேலதிகாரியும் என்னை இப்படி ஒரே கேள்வியில் மடக்கியதில்லை.

சட்டம் அடுப்பை விட்டுச் சமையலறை வாசலுக்குப் போனது. படுக்கைக் கம்பிகள் நின்ற கம்பிகளாயின. குழந்தையின் தலை நுழையாதபடி நடுநடுவே இன்னும் சில, தாழ்ப்பாள் உள்பக்கம். மீதியெல்லாம் பழக்கம்தான். கொதிக்கிற பாத்திரம் பின் அடுப்பில். வாணலியின் கைப்பிடி சுவரைப் பார்த்து. சமையல் முடிந்ததும் ரெகுலேட்டரை மூடிவிடுவது. இவற்றுக்கு வெல்டிங் தேவைப்படவில்லை.

மறுநாள் காலை ஆறு மணி. காப்பி கேட்டு வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே டிகாக்‌ஷன் இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே போக எனக்கும் அனுமதியில்லை. சட்டம் எல்லோருக்கும் பொதுவாம். கூடவே நின்ற பேத்தி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். நான் அவள் பார்வையை மறைக்கிறேன் போலிருக்கிறது. வேட்டியைப் பிடித்து இழுத்து, மலையில் கற்ற வார்த்தையைச் சொன்னாள்:

"தாத்தா, ஜருகண்டி!"