வேலிக்கு என்ன பெயர்?

டச்சு மொழியில் வேலிக்கும் கேட்டுக்கும் 'ஹெக்' என்று ஒரே சொல். ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பவர் எதைப் போடுவதென்று தலையைச் சொறிவார். ஒரகடம் சிப்காட் தொழிற்பேட்டையில் அந்தக் குழப்பமே கிடையாது: கழுத்தில் அடையாள அட்டை தொங்கினால் அது கேட், வேலை கேட்டு நின்றால் அதுவே வேலி.

டச்சில் தோட்டத்தைக் குறிக்கும் சொல்லும் ஆங்கில 'டவுனும்' உடன்பிறப்புகள். தாய்ச்சொல்லுக்குப் பொருள் வேலி. அங்கே வேலி தோட்டமானது, ஊரானது. தஞ்சையில் நில அளவானது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கதை தலைகீழ்: தோட்டமும் ஊரும் வேலியாகிவிட்டன.

படல், தட்டி, முள்வேலி எல்லாம் போய் மிஞ்சியது 'காம்பவுண்டு'. அதுவும் மலாய் 'கம்போங்'கிலிருந்து வந்தது என்பார்கள்; அதன் பொருள் கிராமம். ஆக, கிராமம் எங்கும் போய்விடவில்லை. சுவரின் பெயராக நிற்கிறது.