சுருதியும் சுவர்ணமும்

பாளையங்கோட்டையில் எங்கள் எதிர்வீட்டில் வாசம் செய்யும் அண்ணாச்சியின் சங்கீத ஞானத்தைக் குறித்து இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. ஒன்று அவருடையது, மற்றொன்று ஊராருடையது. கல்லே பாடுகிற ஊரில் பிறந்தவனுக்குக் காது கூர்மையாக இராமல் வேறு எப்படி இருக்கும் என்று, நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்து இசைத் தூண்களைச் சாட்சிக்கு இழுத்து அவர் அடிக்கடி கேட்பதுண்டு. ஆகவே, ஆஸ்திரேலியாவிலிருந்து விடுமுறைக்கு வந்த அவருடைய தங்கை மகன், நீண்ட கைப்பிடியும் அடியில் ஒரு வட்டத் தட்டும் கொண்ட மெட்டல் டிடெக்டர் ஒன்றைக் கூடத்தில் இறக்கிவைத்து, "மாமா, இதைப் பார்த்துப் பிரயோஜனமில்லை, காதாலேதான் கேட்கணும்" என்று சொன்ன அந்தக் கணமே, இந்த யந்திரம் பூமியில் அவதரித்தது தமக்காகத்தான் என்று அண்ணாச்சி நிச்சயித்துவிட்டதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

பையன் சும்மா இராமல், 1980-இல் விக்டோரியா மாநிலத்துக் கிங்கோவர் என்ற ஊரில், கெவின் ஹில்லியர் என்பவர் இத்தகைய யந்திரத்தைக் கொண்டே, சுமார் ஓர் அடி ஆழத்தில் கிடந்த, 27 கிலோவுக்கும் அதிக எடையுள்ள ஒரே தங்கக் கட்டியைக் கண்டெடுத்த கதையையும் சொல்லிவைத்தான். அண்ணாச்சி வியந்து வாய் மூடுவதற்குள், அடுக்களையிலிருந்து மதினியின் குரல், "மூவாயிரத்து நானூறு பவுனுல்லா!" என்று கணக்கை முடித்துக் கொடுத்தது.

தாமிரவருணிப் பள்ளத்தாக்கு அந்த மாதிரிக் கட்டிகளுக்குப் பேர்போனதன்று என்பதை நான் பணிவோடு எடுத்துச் சொன்னேன். இந்த மாகாணத்தில் தங்கம் தேடிய கதை வேண்டுமானால் கூடலூர், தேவாலா, பந்தலூர்ப் பக்கம் போகவேண்டும். 1880-ஐ ஒட்டி லண்டனில் கம்பெனி மேல் கம்பெனியாக ஆரம்பித்து, நீலகிரிச் சரிவில் பணத்தைப் புதைத்துவிட்டுப் போன துரைமார்களின் சரித்திரம் அது. நம் ஆற்றங்கரையில் பொன் என்றால் ஆதிச்சநல்லூர்தான். அங்கே 1899 முதல் அலெக்ஸாண்டர் ரீ அகழ்ந்தபோது, தாழிகளோடு வெளிப்பட்டவற்றுள், நெற்றியில் கட்டிக்கொள்வதற்கு முனைகளில் துளையிட்ட மெல்லிய பொற்பட்டங்களும் இருந்தன. ஆனால் அந்தப் பரம்பு சட்டத்தின் காவலில் இருப்பது. யந்திரத்தைத் தோளில் சாத்திக்கொண்டு அங்கே உலாவப் போனால், சங்கீதத்தைப் பிற்பாடு போலீஸ் ஸ்டேஷனில் கேட்கவேண்டி வரும்.

அண்ணாச்சிக்கு ஆதிச்சநல்லூரும் வேண்டியதில்லை, கிங்கோவரும் வேண்டியதில்லை. ஸ்ரீவைகுண்டத்துக்கு அருகில் ஆற்றை ஒட்டிய அவருடைய தென்னந்தோப்பில், அவருடைய பாட்டனாரைப் பெற்ற ஆச்சி, வளர்த்த காதில் தோள்வரை தொங்கிய பாம்படங்களில் ஒன்றை எங்கேயோ தவறவிட்டாள் என்பது குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வழங்கும் ஐதிகம். உள்ளே அரக்கும் மேலே பொற்றகடுமாகச் செய்யப்படும் அந்தப் பழைய நகையின் எடை, ஒவ்வொரு கல்யாணப் பந்தியிலும் ஒரு பவுன் வீதம் ஏறிவந்திருக்கிறது.

புறப்படுமுன், எங்கள் தெரு வக்கீல் ஒரு குறுக்குச்சால் ஓட்டினார். 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடிருக்கிறது என்றும், மண்ணில் மறைந்து கிடந்து அகப்படும் பொருளின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேற்பட்டால் கலெக்டருக்கு எழுத்துமூலம் அறிவிக்கவேண்டும் என்றும், நூறு வருஷத்துக்குள் தம் முன்னோர் மறைத்துவைத்ததென்று ருசுப்படுத்துகிறவருக்கே அது சேரும் என்றும் அவர் விளக்கினார். அதுவரை, ஆச்சி கும்பினித் துரைகளைக் கண்ணால் கண்டவள் என்று பெருமை பேசிவந்த அண்ணாச்சி, அன்று சாயங்காலம் முதல் அவளைக் காந்தி காலத்துக்கு இறக்கிக் கொண்டுவந்துவிட்டார். பாம்படத்தையும் அவள் தவறவிடவில்லை, சமயோசிதமாக மறைத்தாள் என்று ஆயிற்று.

யந்திரத்தின் பாஷையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். தட்டிலுள்ள கம்பிச்சுருள் மண்ணுக்குள் மாறுகின்ற காந்தப் புலம் ஒன்றைச் செலுத்துகிறது. அது எட்டுகிற இடத்தில் உலோகம் கிடந்தால் அதில் மின்னோட்டம் சுழன்று, பதிலுக்கு ஒரு சிறு காந்தப் புலத்தை எழுப்ப, அதைத் திரும்ப வாங்கி யந்திரம் ஒலியாக்குகிறது. தங்கம் தேடுகிறவர்கள் காதுக்குழலில் சதா ஒரு மெல்லிய ரீங்காரம் கேட்டுக்கொண்டிருக்கும்படி வைத்துக்கொள்வார்கள். ஆழத்தில் கிடக்கும் சிறு துணுக்கு கூவிச் சொல்லாது, அந்த ரீங்காரத்தைச் சற்றே அசைத்துவிட்டு அடங்கிவிடும். "இதுதான் தம்பி சுருதி!" என்று அண்ணாச்சி புளகாங்கிதம் அடைந்தார். ஆஸ்திரேலியாவில் புழங்கும் சிலவகை யந்திரங்களில், சிறு கட்டியானால் ஒலி உயர்ந்து பின் தாழும் என்றும், பெரிதாகி ஆழத்திலும் கிடந்தால் தாழ்ந்து பின் உயரும் என்றும் மருமகன் சொன்னபோது, ஆரோகணம் அவரோகணம் என்பவற்றை வெள்ளைக்காரன் நம்மிடமிருந்தே எடுத்துக்கொண்டு போயிருக்கிறான் என்பது அவருக்கு ருசுவாகிவிட்டது. ஆழத்தில் புதைந்த பெரிய இரும்பும் அதே ஸ்வரத்தைத்தான் பாடும் என்று பையன் தொடர்ந்து சொன்ன வாக்கியம் அவர் செவியில் ஏறவேயில்லை.

தோப்பில் முதல் நாள், மண்ணோடு சுருதி சேர்க்க வேண்டுமென்று தட்டை மேலும் கீழும் ஆட்டி, ரீங்காரம் மாறாமல் நிற்கும்வரை திருகைத் திருப்பி, பிறகு கண்களை மூடிக்கொண்டு அவர் நடந்தார். ஒரு தென்னையடியில் நின்றார். இடமிருந்து வலமாக வீசினார், ஒலித்தது. வலமிருந்து இடமாக வீசினார். அதே இடத்தில் ஒலித்தது. குறுக்கேயும் ஒலித்தது. ஒரு திசையில் மட்டும் ஒலிப்பது மண்ணின் சேஷ்டை, எந்தத் திசையிலும் தவறாமல் ஒலிப்பது மெய் என்பது சாஸ்திரம். மேல்மண்ணை வழித்த பிறகு ஒலி முன்னிலும் துலக்கமாயிற்று. "கேட்டியளா தம்பி? தாழ்ந்து உயருது. சாட்சாத் ஆச்சியேதான்" என்றார். தோப்புக்காரன் மண்வெட்டியை ஓங்கினான். முழங்கால் ஆழத்தில் கிடைத்தது ஒரு கடப்பாரையின் பாதி.

பிறகு அகப்பட்டவை: கலர் பாட்டில் மூடிகள், காளையின் பிளவுபட்ட குளம்புக்கென்று இரண்டாக அடிக்கும் லாடத்தில் ஒரு பாதி, பிறை வடிவம் மாறாமல், ஒரு துளையில் ஆணி இன்னும் துருவோடு ஒட்டியிருக்க, ஜாக்கெட் ஊக்குகள், எல்லாவற்றுக்கும் மேலாக, மாத்திரை உறைகளின் ஈயத்தாள். அலுமினியத் தாளும் சிறு பொன் துணுக்கும் யந்திரத்தின் வாயில் ஏறக்குறைய ஒரே குரலில் பேசுகிறவை. இதில் அனுபவசாலிகளே ஏமாறுகிறார்கள் என்னும்போது, பேரப்பிள்ளைகளின் ஜுரத்துக்கும் தமது ரத்தக் கொதிப்புக்குமாகப் பல வருஷம் மாத்திரை உரித்துப்போட்ட தோப்பில் அண்ணாச்சி என்ன செய்வார்? சம்பந்தி வீட்டுப் பனங்காட்டுக்குப் போய்ப் பார்த்தோம். அது தேரிக்காடு, சிவந்த மணலின் இரும்புச் சத்துக்கு யந்திரம் வாயே மூடவில்லை. அண்ணாச்சி அதைத் தனி ஆவர்த்தனம் என்று வர்ணித்தார்.

அவரைத் தேற்றுவதற்காக நான் கிரஹாம் பெல் கதையைச் சொன்னேன். 1881-இல் சுடப்பட்டுக் கிடந்த அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டின் உடம்பில் குண்டு எங்கே இருக்கிறதென்று, டெலிபோனைக் கண்ட அந்த மகானே ஒரு யந்திரம் செய்து காதில் வைத்துக் கேட்டும், மெத்தைக்குள் இருந்த எஃகுக் கம்பிகள் ஒலியைக் குழப்பிவிட, குண்டு அகப்படவில்லை. "அவருக்கு ராக ஞானம் கிடையாதே தம்பி" என்று அண்ணாச்சி அனுதாபத்தோடு சொன்னார்.

சந்தேகத்துக்கு இடமில்லாத பொன்னின் நாதம் ஒரே ஒரு தடவைதான் கேட்டது. தோப்புக்குக் காப்பி கொண்டுவந்த மதினி தூக்குவாளியைத் தட்டின் அருகே இறக்கி வைத்துவிட்டுக் கையை எடுத்தபோது. வாளியை அகற்றிவிட்டு வளைகளை மட்டும் காட்டச் சொன்னார். யந்திரம் கணீரென்று பாடிற்று. அன்றிரவே சேதி பரவ, மறுநாள் தெருப் பெண்கள் நகைகளோடு வரிசையில் நின்றார்கள். அடுத்த வீட்டம்மாளின் நாற்பது பவுனுக்கும் அவள் நாத்தனாரின் கவரிங்குக்கும் யந்திரம் பட்சபாதமில்லாமல் ஒரே மாதிரி பாடிவிட, அந்த வீட்டில் இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை.

இப்போது பிசான அறுவடை நடக்கிறது. கதிர் அறுக்கும் யந்திரத்திலிருந்து கழன்று வயலில் விழும் போல்ட்டு நட்டுகளைத் தேட அண்ணாச்சியைக் கூப்பிடுகிறார்கள். கூலியாகச் சில சமயம் ஒரு வாழைத்தார் வருகிறது. நேற்றும் போனார். அவர் கேட்டுக்கொண்டிருக்கையில் டிரைவர் பீடி பற்றவைக்க, "தீப்பெட்டியை உரசாதேயும் வே, சுருதி கலையுது" என்று அதட்டிவிட்டு, சேற்றில் கைவிட்டு ஒரு நட்டை எடுத்து, துடைத்து, காதருகே கொண்டுபோய் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.