திருத்தணிப் பாட்டியும் ஆடியன்ஸ் ஃபில்டரும்: ஓர் ஆய்வின் முன்னுரைக்கு முன்னுரை

மார்க்கெட்டிங் ஆட்டோமேஷன் மென்பொருளை உலகம் இதுவரை மெயிலும் எஸ்எம்எஸ்ஸும் தானாக அனுப்பும் கருவி என்று மட்டுமே அறியும். அவ்வறியாமையைப் போக்க, ஆறுபடை வீடுகளில் ஐந்தாவதான திருத்தணியில், மலையடிவாரத்தில் ஒரு பூஜைப்பொருள் கடை இருப்பதாகக் கொள்க. கடை கற்பனை, சிக்கல் நிஜம். (மலைக்கு 365 படிகள், நாளுக்கு ஒன்று என்பர். பிப்ரவரி 29-க்கான படி எங்கே என்று முனைவர் பட்டத்துக்கு இன்னும் யாரும் பதியாதது வியப்பே. தலைப்பு இதைவிட மெலிந்தவையெல்லாம் தேறியிருக்கின்றன.)

முதல் இயல், ஆடியன்ஸ் ஃபில்டர். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுப்போருக்குச் செய்தி போக வேண்டும். கடைக்காரர் ‘மாநிலம் = தமிழ்நாடு’ என்று ஃபில்டர் போடுகிறார். இங்கேதான் பாட்டி குறுக்கே வருகிறார். 1950-இல் திருத்தணியில் பிறந்து, வீடே மாறாதவர் எனக் கொள்க. பிறந்தபோது மதராஸ் மாநிலம். 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம். 1956 நவம்பரில் ஆந்திரப் பிரதேசம். ம.பொ.சி. முதலானோரின் எல்லைப் போராட்டம், படாஸ்கர் தீர்ப்பு எல்லாம் தாண்டி, 1960 ஏப்ரல் 1-இல் மறுபடி மதராஸ். 1969 ஜனவரியில் தமிழ்நாடு. மாவட்டக் கட்டத்திலோ சித்தூர், செங்கல்பட்டு, திருவள்ளூர். திண்ணையை விட்டு இறங்காத பாட்டியை மென்பொருள் ‘அடிக்கடி இடம்பெயர்பவர்’ என்று வகுத்து, சூட்கேஸ் விளம்பரம் அனுப்பும் (காண்க: அடிவாரத் தேங்காய்க்கடைப் பெஞ்சு, வாய்மொழி மரபு, இரண்டாம் டம்ளர்).

நகரி, புத்தூர் பக்கமிருந்து வருவோரையும் விட்டுவிடக் கூடாது. ஆகவே ‘மொழி = தமிழ்’, அதன் கீழே ‘மொழி = தெலுங்கு’; இரண்டுக்கும் மேலே ‘ஆல்’. எல்லாருக்கும் போகட்டுமே என்ற நல்லெண்ணம்தான். ஆனால் ஓர் ஆளுக்கு மொழிக் கட்டம் ஒன்று, அதில் பதிவதும் ஒன்றே. இரண்டு நிபந்தனைக்கும் ஒருசேரப் பொருந்துபவர் யாருமில்லை. போட வேண்டியது ‘எனி’: இரண்டில் ஒன்று பொருந்தினாலே போதும். ‘ஏமண்டி, எலுமிச்சம்பழம் எவ்வளவு?’ என்று ஒரே மூச்சில் இரு மொழியிலும் பேரம் நடக்கும் ஊரில், இருமொழியாளர் எண்ணிக்கை பூஜ்யம் என்று மென்பொருள் ஐயந்திரிபற நிறுவுகிறது. இதை மறுக்கும் தரப்பும் உண்டு (மேற்படி பெஞ்சு, இடது கோடி, பழைய பதிப்பு, கால் உடைந்து ஆணியடித்தபின் வந்த திருத்திய பதிப்பில் இப்பகுதி இல்லை, ஒப்பிடுக: பஸ் ஸ்டாண்ட் டீக்கடை உரை, போண்டா எண்ணெய் ஊறிய பிரதி, மறுபக்கம்).

இரண்டாம் இயல்: ‘அன்சப்ஸ்கிரைப்’ செய்தவருக்கு அனுப்பாதீர். இயல் முற்றும்.

மூன்றாம் இயல், யூசர் ரோல். மெயில்சிம்ப் என்னும் இவ்வகை மென்பொருளில் ஓனர், அட்மின், மேனேஜர், ஆத்தர், வியூவர் என ஐவகை. வியூவர் ரிப்போர்ட்டைப் பார்க்கலாம், அவ்வளவே. ஆத்தர் எழுதலாம், திருத்தலாம், அனுப்ப முடியாது. உழைப்பு ஒருவருடையது, அனுப்பும் உரிமை இன்னொருவருடையது என்ற இவ்வேற்பாட்டை 2001-இல் தொடங்கிய ஒரு கம்பெனியின் கண்டுபிடிப்பாகக் கருதுவோர், பல்கலைக்கழகத் துறை எதிலும் ஆய்வு மாணவராக இருந்தறியாதவர்.

கடையில் இந்த ஐவகையும் செல்லாது. கல்லாவில் இருப்பவர் முதல் தேங்காய் உரிக்கும் பையன் வரை எல்லாரும் ஓனரின் பாஸ்வேர்டில்தான் நுழைகிறார்கள். அது முருகன் காலண்டரில் பென்சிலால் எழுதப்பட்டிருக்கிறது. மூன்றாவது எழுத்து ஆங்கில ‘ஓ’வா, பூஜ்யமா என்பதில் மட்டும் பாடபேதம் உண்டு.