தாழ்வதற்கும் தண்டச் செலவு

சுமை ஏற்றினால் தாழட்டும் என்று செய்த வண்டியைச் சுமையே இல்லாமல் தாழ்த்துவதற்கு அமெரிக்காவில் அழகு என்று பெயர். 1967 முதல் 1972 வரை வந்த ஷெவர்லே சி-10 பிக்கப்புக்கு இதில் தனி மவுசு. காசு கம்மி என்றால் ரம்பத்தை எடுத்து முன்பக்கச் சுருள் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுப்பார்கள். சுற்று குறைந்தால் ஸ்பிரிங் இன்னும் விறைக்கும். மிச்சம் பிடித்த காசை முதுகெலும்பு கட்டும். கேஸ் சுடரால் சூடாக்கிச் சரியவிடுபவர்கள் அதைவிடச் சிக்கனக்காரர்கள். எஃகின் பதமே போய்விடுவதால், எத்தனை அங்குலம் இறங்குவது என்பதை இனி ஸ்பிரிங்தான் முடிவு செய்யும்.

லாஸ் ஏஞ்சலஸின் மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள் காரைத் தாழ்த்துவதை வெறும் மணல் மூட்டையில் தொடங்கவில்லையா என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் மூட்டையை இறக்கினால் கார் எழும். அறுத்த சுற்று ஒட்டாது. சக்கர ரிம்மின் அடிமட்டத்துக்குக் கீழே வண்டியின் எந்தப் பாகமும் தொங்கக்கூடாது என்று கலிபோர்னியா சட்டம் போட்டதும், 1959 வாக்கில் ரான் அகிரே என்பவர் தன் காரில் ஹைட்ராலிக் பம்பைப் பொருத்தினார். போலீஸைக் கண்டால் கார் மரியாதையாக எழுந்து நிற்கும். ஏழையின் பிக்கப்புக்கு அந்த மரியாதை தெரியாது. பின்பக்கத்தை ரொம்ப இறக்கினாலோ ஆக்சில் சேஸிஸில் இடிக்கும். சேஸிஸைப் பிறை போல வெட்டி, தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். அதற்கும் இடம் போதாவிட்டால் சரக்குத் தொட்டியின் தரையில் ஓட்டை. அப்புறம் நாலு சிமென்ட் மூட்டை ஏற்ற, பக்கத்து வீட்டு வண்டியைத்தான் கேட்க வேண்டும்.