நடப்பவருக்கே வீதி

சென்னைப் பாண்டி பஜாரை 2019-இல் பணத்தைச் செலவழித்து, நடப்பவர்களுக்கான வீதியாக்கினார்கள். திருச்சியின் கடைவீதியான என்.எஸ்.பி. சாலைக்கு அந்தத் தண்டச்செலவு எதற்கு? ஓரத்தைச் சுடிதார் மாட்டிய பொம்மைகளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, நாம் எப்போதோ நடுரோட்டுக்கு வந்துவிட்டோம். தீபாவளி நெருக்கத்தில் காவல்துறை வண்டிகளை நிறுத்தினால் இன்னும் விசேஷம்: கால் தரையில் படவே வேண்டாம், கூட்டமே தூக்கிக்கொண்டுபோய்த் தெப்பக்குளத்தருகே இறக்கிவிடும். பெட்ரோல் மிச்சம்.

இதுவும் போதாதென்பவர்களுக்காக ஒரு யோசனை. கடைவீதியையே மலைக்கோட்டைப் படிகளுக்கு மாற்றிவிடலாம். 400-க்கு மேல் படிகள். புல்லட்டும் ஏறாது, ஷேர் ஆட்டோவும் நுழையாது. மகேந்திரவர்மன் குடைந்த குகையில் நகைக்கடை ஷோரூம் திறக்கலாம், இயற்கையான ஏசி. ஒரே சிக்கல், உச்சியில் பிள்ளையார் தன் வாகனத்தை நிரந்தரமாக நிறுத்தியிருக்கிறார். அபராதச் சீட்டை யார் ஏறிப்போய் ஒட்டுவது?