பஜ்ஜியும் பருவும்: ஒரு முகவுரை

பதின்பருவத்து முகத்தில் பரு தோன்றுவது எதனால் என்ற வினாவுக்கு நம் இல்லங்களில் மூன்று கொள்கைகள் வழங்கிவருகின்றன. உடம்புச் சூடே காரணம் என்பர் உஷ்ணவாதிகள். மாம்பழத்தையும் கோழிக்கறியையும் குற்றவாளிகளாக்கி, சனிக்கிழமை எண்ணெய்க் குளியலைத் தண்டனையாகப் பிள்ளைக்கு விதிப்பர். தின்ற பஜ்ஜியின் எண்ணெய்தான் கன்னத்தில் கசிகிறது என்பர் எண்ணெய்வாதிகள். ‘கல்யாணமானால் சரியாகிவிடும்’ என்பது மூன்றாவது. அது சகல பிணிகளுக்கும் பொதுவாதலால் இங்கே ஆராயப்படவில்லை.

எண்ணெய்வாதம் நிற்காது. முகத்தில் வழிவது தோலிலுள்ள சுரப்பிகளின் சொந்த உற்பத்தி. வயதுக்கு வரும்போது ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள் அவற்றை முடுக்கிவிட, மயிர்க்கால் அடைபட்டு, உள்ளே பாக்டீரியா பெருகி வீங்கினால் பரு. (நாள் முழுக்க எண்ணெய்ப் புகையில் நிற்கும் பஜ்ஜி மாஸ்டரின் முகம் வேறு வழக்கு.)

மேனாட்டாரும் சளைத்தவரல்லர். 1969இல் அமெரிக்காவில் 65 பேருக்குச் சாக்லேட் கொடுத்துப் பார்த்து, ‘சாக்லேட் நிரபராதி’ என்று அறிவித்தார்கள். ஒப்பிடக் கொடுத்த சாக்லேட் இல்லாத மிட்டாயிலும் சர்க்கரையும் கொழுப்பும் ஏறக்குறைய அதே அளவு! திருடனை அடையாளம் காட்ட அவனுடைய இரட்டைப் பிறவியைப் பக்கத்தில் நிறுத்திய கதை. உணவுக்கும் பருவுக்கும் உறவே இல்லை என்று மருத்துவ உலகம் நெடுங்காலம் சொல்லிவந்ததற்கு இந்த ஆய்வும் ஒரு தூண்.

2002இல் வெளியான லோரன் கோர்டெயின் குழுவின் ஆய்வு அந்தத் தூணை அசைத்தது. பப்புவா நியூ கினியின் கிட்டாவா தீவில் 1,200 பேரைப் பரிசோதித்தும் ஒருவர் முகத்திலும் பரு இல்லை. அவர்கள் உண்பது கிழங்கு, பழம், மீன், தேங்காய். ஆம், தேங்காய், எண்ணெய்வாதிகள் கவனிக்க. அது பரம்பரை வாகு என்று ஐயுற்றோருக்கு 2007இல் ஆஸ்திரேலியாவிலிருந்து பதில் வந்தது. 43 இளைஞர்களில் ஒரு பிரிவினர், ரத்தச் சர்க்கரையை மெல்ல ஏற்றும் உணவை 12 வாரம் உண்டார்கள்; மற்றவர்களைவிட அவர்களுக்குப் பரு அதிகம் குறைந்தது. எடையும் குறைந்துவிட்டதால், புகழ் யாருக்கு என்பதில் மட்டும் பங்காளிச் சண்டை.

சர்க்கரை சட்டென்று ஏறினால் இன்சுலின் ஏறுகிறது; அதன் வழியே ஐஜிஎஃப்-1 என்னும் வளர்ச்சிக் காரணி எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டுகிறது. பாலும், குறிப்பாகக் கொழுப்பு நீக்கிய பாலும், சந்தேகப் பட்டியலில் உண்டு.

இங்கேதான் ஆய்வாளரின் பேனா தயங்குகிறது. பஜ்ஜித் தட்டைப் பிடுங்கிவைக்கும் அதே அம்மாதான், ‘படிக்கிற பிள்ளை’ என்று இரண்டு கரண்டி சர்க்கரை போட்ட சத்துமாவுப் பாலை ஆற்றி நீட்டுகிறார். பாலிஷ் அரிசிச் சோற்றையும் மைதா பரோட்டாவையும் எந்தப் பாட்டியும் முறைத்துப் பார்த்ததில்லை.

ஆகவே போதிய சாட்சியம் இல்லாமையால் பஜ்ஜி விடுதலை. வயிற்று வழக்கு தனியே நடக்கும். சத்துமாவுப் பாலுக்கு நிபந்தனை ஜாமீன், சர்க்கரையைக் குறைத்தால் மட்டும். பருவில் பற்பசை தடவுவோர் இன்றே நிறுத்துக. வடு விழுமளவு பரு இருந்தால் சமையலறையைக் குடையாமல் தோல் மருத்துவரைப் பாருங்கள்.